புளியங்கட்டையும் இரண்டு ஆப்பும்: விறகு பிளக்கச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. ஆனாலும் கொல்லையில் செப்புத் தவலை வைத்த வெந்நீர் அடுப்பை இடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. மார்கழி பிறந்தால் அதன் அருமை தெரியும். பொங்கல் பானை ஏறுவதும், விருந்தாளிகள் பத்துப் பேர் வந்தால் சோறு வடிப்பதும் அங்கேதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது எங்கள் கொல்லைப் புளியமரமும் வேரோடு விழுந்தது. மெஷின் ரம்பக்காரர்கள் வந்து துண்டு போட்டுக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிளக்க ஆள் இல்லை. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது யார் வருவார்கள்? நானே கோடாலியைத் தூக்கினேன். அடுத்த ஆறு மாதத்தில் தப்புத் தப்பாகச் செய்து கற்றது பாதி, விறகு பிளக்கிற பெரியவர் ஒருவர் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தது மீதி.

1. கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன் கட்டை என்ன மரம் என்று பாருங்கள். சவுக்கு நேரான நார் உள்ள மரம். பருத்த அடித்துண்டுக்கு மட்டும் கோடாலி வேண்டும், மற்றதை அப்படியே அடுப்பில் வைக்கலாம். மாவும் அவ்வளவு முரண்டு பிடிக்காது. எங்கள் பக்கம் காட்டுக்கருவை என்கிற சீமைக்கருவேல் நன்றாக எரியும், கரி நிற்கும். ஆனால் கோணலும் கணுவுமாக இருக்கும். அதைப் பிளப்பதைவிடக் குட்டை குட்டையாக நறுக்குவதே லாபம். தைலமரத்தின் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிட்டால் பிழைத்தோம், காயவிட்டால் கோடாலி எகிறும். இத்தனைக்கும் தனித்தனியாகக் கருவி வாங்கச் சொல்லவில்லை. எது உங்கள் கொல்லையில் அதிகம் கிடக்கிறதோ அதற்கு வாங்குங்கள்.

2. புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறிக்கடையில் இறைச்சி வெட்டும் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் புளியங்கட்டைதான். நாள் முழுக்கக் கத்தி விழுந்தாலும் அது வாய் பிளக்காது, அதற்காகத்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள். கறிக்கடைக்காரருக்கு வரமான அந்தக் குணம் நமக்குச் சாபம். புளியின் நார் ஒரு படலம் வலப்பக்கமும் அடுத்த படலம் இடப்பக்கமுமாகச் சாய்ந்து வளர்கிறது. இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டது போல உள்ளே பின்னிக் கிடக்கும். கோடாலி மேலே விழும்போது வெடிப்பு நேராக இறங்காமல் இந்தப் பின்னலில் மாட்டி நின்றுவிடுகிறது. வேம்பும் ஓரளவுக்கு இந்தச் சாதிதான். இப்படிப்பட்ட மரத்தை வெட்டிப் பிளக்க முடியாது, நெம்பித்தான் பிரிக்க வேண்டும். கருவி வாங்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டால் காசு வீணாகாது.

3. வெட்டுகிற கோடாலி வேறு, பிளக்கிற கோடாலி வேறு. இது தெரியாமல்தான் நான் முதலில் ஏமாந்தேன். மரம் சாய்க்கிற கோடாலி மெலிந்த கன்னம் கொண்டது. நாரைக் குறுக்கே அறுக்கும். அதைப் புளியங்கட்டையின் தலையில் போட்டால் நான்கு விரல் ஆழம் இறங்கி அப்படியே சிக்கிக்கொள்ளும். பிளக்கிற கோடாலிக்கு வாய் குறுகலாகவும் கன்னம் உப்பியும் இருக்க வேண்டும். கூரிலிருந்து பின்மண்டைக்குப் போகப் போக மூன்று விரல் தடிமன் வந்தால் நல்லது. ஆன்லைனில் ‘ஸ்ப்ளிட்டிங் மால்’ என்று விற்பது இந்த வகையின் கனத்த அண்ணன்: முன்னால் ஆப்பு, பின்னால் சம்மட்டி.

4. கனம் கூடினால் பலம் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். பாதிதான் சரி. கனம் இரண்டு மடங்கானால் அடியின் வலு இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்கு. தூக்கவே திணறுகிற கோடாலியை வேகமாக இறக்க முடியாது. பத்தாவது அடியில் கை நடுங்கும், பதினொன்றாவது அடி காலுக்கு வரும். என்னைப் போன்ற பெண்களுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் தலை 2 கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரை போதும். பழகிய ஆண்கள் 3 கிலோ, மூன்றரை கிலோ எடுக்கலாம். கடையிலேயே தோளுக்கு மேல் ஐந்து முறை தூக்கி இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

5. காம்பைப் பார்க்காமல் கோடாலி வாங்குவது மாட்டின் பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குவது போலத்தான். முதலில் நான் வாங்கியது பளபளவென்று சிவப்பு வார்னிஷ் அடித்தது. எந்தக் கடை என்பது இப்போது எதற்கு? மூன்றாவது அடியில் காம்பு குறுக்கே ஒடிந்து, தலை பறந்து போய் மாட்டுக்கொட்டகைக் கீற்றில் சொருகிக்கொண்டது. மாடு மேயப் போயிருந்தது, பிழைத்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தால் நார் காம்பு நெடுக ஓடாமல் சாய்வாக வெளியே ஓடியிருக்கிறது. வார்னிஷ் அதை மறைத்துவிட்டது. ஆகவே வர்ணம் பூசாத காம்பாக வாங்குங்கள். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் கணு இருக்கக் கூடாது. கருவேலம் நல்லது, எங்கள் பக்கம் புளியின் நேரான கிளையிலும் செதுக்குவார்கள். புளியைப் பிளக்கப் புளியங்காம்பு! கோடாலிக் காம்பைப் பற்றிய பழமொழி நினைவுக்கு வருகிறதல்லவா? நீளம் 30 முதல் 36 அங்குலம். குட்டைக் காம்பு கைக்கு வசதியாகத் தெரியும், ஆனால் குறி தப்பினால் கோடாலி தரைக்குப் போகாமல் முழங்காலுக்கு வரும்.

6. ஆடுகிற தலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். மரம் ஊதி அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். காம்பின் முகப்பில் சின்ன மர ஆப்பு அடித்து இறுக்குவதே வழி. பிறகு பெயிண்ட் கடையில் கிடைக்கிற லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவி வையுங்கள்.

7. இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒடிந்த கோடாலிக்கு மாற்றாக அதைவிடப் பெரியது ஒன்று வாங்கி வந்து நான் திண்ணையில் வைத்திருந்தபோது அந்தப் பெரியவர் வந்தார். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏந்தாயி, இந்தக் காசுக்கு ரெண்டு ஆப்பு வாங்கியிருந்தா இந்நேரம் பாதிக் கட்டை அடுப்புக்குப் போயிருக்குமே?” என்றார். “ஒரு ஆப்பு போதாதா பெரியப்பா?” என்று கேட்டேன். “ஒண்ணு வாங்குனா அது கட்டைக்கு, ரெண்டு வாங்குனா உனக்கு” என்றார். அப்போது புரியவில்லை, மறுநாள் புரிந்தது. கடினமான கட்டையில் முதல் ஆப்பு இறங்கி மாட்டிக்கொள்ளும், முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அதே வெடிப்பு வரியில் ஒரு சாண் தள்ளி இரண்டாவது ஆப்பை அடித்தால் வாய் விரிந்து முதலாவது தானே தளரும். அதைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடிக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றிப் போனால் எவ்வளவு பின்னிய கட்டையும் முனகிக்கொண்டே பிரியும். அந்த முனகல் முதலில் மெல்லிய ‘கிரீச்’, பிறகு சுள்ளி ஒடிவது போலப் படபடவென்று வரும். சத்தம் வரும்போது அடிக்காமல் சற்று நிறுத்துங்கள், நார் தானாகவே கிழிந்துகொண்டிருக்கும். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து வருவதற்குள் கட்டை இன்னும் ஒரு விரல் திறந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

8. ஆப்பு எப்படிப்பட்டது? ஒவ்வொன்றும் 2 கிலோவை ஒட்டி இருக்கட்டும், நீளம் ஒரு சாணுக்குக் குறைய வேண்டாம். கன்னம் நேராகச் சரிந்த தட்டை ஆப்புதான் பின்னிய நாருக்கு ஏற்றது. நாலு பக்கமும் கூம்பிய ஆப்பு ஒன்று விற்கிறார்கள், ஒரே அடியில் நான்கு துண்டு என்று ஆசை காட்டுவார்கள். நேர்நார் மரத்தில் அது நடக்கும். புளியில் மாட்டினால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆப்பை வைத்த எடுப்பிலேயே ஓங்கி அடிக்காதீர்கள். கோடாலியால் ஒரு கீறல் போட்டு, அதில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டி அது தானாக நின்ற பிறகு கையை எடுத்துவிட்டு அடியுங்கள். பச்சைக் கட்டையில் எகிறிக் குதித்தால் கன்னத்தில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொண்டால் பிடிக்கும். விரிந்த வெடிப்புக்குள் விரலை விட்டு உள்ளே என்ன என்று பார்க்கிற ஆசை வரும். ஆப்பு அசைத்த குரங்கின் கதையைப் படித்தவர்கள்தானே நாம்?

9. ஆப்பை அடிக்கச் சம்மட்டி வேண்டும். கோடாலியின் பின்மண்டையால் அடிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். சாதாரணக் கோடாலியின் பின்பக்கம் அடி வாங்கவும் கொடுக்கவும் ஏற்றதல்ல. காம்பு நுழைகிற ஓட்டை சப்பிப்போகும், கன்னம் விரியும். அதைவிட மோசம், சிக்கிக்கொண்ட கோடாலியின் மண்டையில் சம்மட்டியால் அடிப்பது. இரும்போடு இரும்பு மோதித் தெறிக்கிற சில்லு கண்ணைத் தேடித்தான் வரும். கடையில் சம்மட்டியை இன்னும் பவுண்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். 8 பவுண்டு என்பது சுமார் 3.6 கிலோ, 6 பவுண்டு 2.7 கிலோ. எனக்கு 6 பவுண்டு, பெரியவருக்கு 8. அவர் வயது என்னைவிட இருபது கூட.

10. இரும்பு ஆப்பின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான் போல விரியும். அந்த விளிம்பு எப்போது வேண்டுமானாலும் தெறிக்கும். அரத்தால் சுற்றிலும் ராவிவிடுங்கள்.

11. மர ஆப்பு இருப்பதையே பலர் மறந்துவிட்டார்கள். காய்ந்த கருவேலந்துண்டு ஒன்றைச் சாய்வாகச் செதுக்கி வைத்துக்கொண்டால் இரும்பு ஆப்பு திறந்துவைத்த வெடிப்பில் நிறுத்தப் பயன்படும். இரும்பு ஆப்பைக் கழற்றும்போது வாய் மூடிக்கொள்ளாது. இதை அடிக்கச் சம்மட்டி வேண்டியதில்லை. ஆசாரிகள் உளி தட்டுகிற கொட்டாப்புளி போதும், பெயரிலேயே புளி இருக்கிறது பாருங்கள். மர ஆப்பு உடைந்தால் அதுவும் விறகு.

12. இரும்புக் கடையா, கொல்லுப் பட்டறையா? என் ஓட்டு பட்டறைக்கு. லாரிக் கமான் பட்டையில் அடித்த கோடாலி நல்ல எஃகு. அரிவாளுக்கும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்க்கிற பதம், சரியாக ஏற வேண்டும். சோதிக்க எளிய வழி, கூர் விளிம்பில் அரத்தை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போலக் கடித்தால் இரும்பு மெத்து, நான்கு கட்டைக்குள் வாய் மடங்கும். கண்ணாடிமேல் போவது போல வழுக்கினால் அளவுக்கு மீறிய கடினம், வாய் பெயரும். கொஞ்சம் தயங்கிக் கடிக்க வேண்டும். தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டியும் பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டுகிற அதே கணக்குதான். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே கீறல் இருக்கலாம்.

13. கட்டையின் தலையைப் பார்த்து அடியுங்கள். காயும்போது நடுவிலிருந்து விளிம்புக்குக் கதிர் போல வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த வரிமேல் விழும் ஒரு அடி, வரி இல்லாத இடத்தில் விழும் ஐந்துக்குச் சமம். கணு உள்ள பக்கத்தை விட்டுத் தள்ளி அடியுங்கள். பருத்த கட்டையை நடுவே இரண்டாகப் பிளக்க நினைப்பதுதான் புதியவர்கள் செய்கிற தப்பு. பலாப்பழம் உரிப்பது போல ஓரத்திலிருந்து வாருங்கள். விளிம்பில் நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் பட்டை பட்டையாகச் சீவினால் நடுவில் மிஞ்சுவது சின்ன வைரக்கட்டைதான். கவட்டை வந்தால் அடிப்பக்கத்தைத் தலையாக வைத்து அங்கிருந்து ஆப்பு இறக்குங்கள்; கிளை பிரிகிற வாயில் அடித்தால் கை வலிதான் மிச்சம்.

14. கோடாலி சிக்கிக்கொண்டால் இடம் வலமாக ஆட்டாதீர்கள், காம்பு போய்விடும். பிடியின் முனையை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தட்டி, மேலும் கீழுமாக அசைத்தால் கழன்று வரும்.

15. பஞ்சர் கடையில் பழைய டயர் ஒன்று கேட்டு வாங்குங்கள். அடிமனைமேல் வைத்து அதற்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் நாலாபக்கமும் பறக்காது, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எடுத்து நிறுத்துகிற வேலையும் இல்லை. குறி தப்பினாலும் கோடாலி ரப்பரில் விழும். இத்தனை குறிப்புகளில் செலவில்லாததும் இதுதான், இடுப்பைக் காப்பாற்றியதும் இதுதான்.

16. அடிமனை முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். கட்டையின் தலை இடுப்புக்குக் கீழே இருந்தால்தான் கோடாலி முழு வேகத்தில் இறங்கும். சிமெண்ட் தரையில் நேராக வைத்துப் பிளந்தால் ஒரு தவறிய அடியில் கோடாலி வாய் போகும்.

17. தென்னந்துண்டை என்ன செய்வது? கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லோரும் கேட்ட கேள்வி. மற்ற மரம் போல ஆண்டு வளையமும் நடு வைரமும் அதற்குக் கிடையாது. வெளியே இரும்பு, உள்ளே சோறு. நடுவில் ஆப்பு அடித்தால் மெத்தையில் அடித்தது போல உள்ளே போய்விடும். ஓரத்துக் கெட்டிப் பகுதியை மட்டும் கோடாலியால் உரித்தெடுங்கள், உள்சோற்றை மக்கவிட்டுச் செடிக்குப் போடுங்கள்.

18. பிளக்கவே மறுக்கிற கட்டைக்கு ரம்பம்தான். ஒரு முழத் துண்டாக நின்றால் அடியும் ஆப்பும் பலிக்காத கட்டை, பாதியாக அறுத்துக் குட்டையாக்கினால் வழிக்கு வரும். நாரின் பின்னல் நீளத்தில்தான் பலம் காட்டும். தலையில் இரண்டு விரல் ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு வெட்டு இழுத்து, அதில் ஆப்பை நிறுத்துவதும் நல்ல தந்திரம். இருவர் இழுக்கிற நீள ரம்பம் பரணில் கிடந்தால் இறக்கி எண்ணெய் போடுங்கள். மறுமுனையைப் பிடிக்க வீட்டில் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

19. ஹவாய்ச் செருப்போடு இந்த வேலைக்குப் போகாதீர்கள். காட்டுக்கருவை முள் ரப்பரைத் துளைத்துக் குதிகாலில் இறங்கும். புண் சீழ் வைத்து வாரக்கணக்கில் படுத்தும். மூடிய காலணி, கண்ணுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளியும் தெறிக்கிற சிராய்க்கு எதிராக ஒரு கண்ணாடி, சேலையோ துப்பட்டாவோ இழுத்துச் செருகியது, இவ்வளவும் கட்டாயம். பிள்ளைகளும் கோழிகளும் அருகில் வரக் கூடாது. கோழிதான் மோசம், கட்டைக்குள்ளிருந்து விழுகிற புழுவுக்காகக் கோடாலிக்கு அடியிலேயே வந்து நிற்கும். பழைய குவியலிலிருந்து கட்டை எடுக்கும்போது முதலில் கம்பால் தட்டுங்கள். தேளும் கட்டுவிரியனும் நம்மைவிட முன்னால் குடிவந்திருக்கும்.

20. பிளக்கிற கோடாலிக்கு வெங்காயம் நறுக்குகிற கூர் வேண்டாம். மெலிந்த கூர் மடங்கும், சிக்கும். உளுத்தம்பருப்பின் முதுகு போல லேசாக உருண்ட விளிம்பு வரும்படி அரத்தால் தீட்டுங்கள். மோட்டார் சாணையில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். அடிக்கடி தண்ணீரில் முக்காமல் தேய்த்து, விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

21. எல்லாக் கட்டையையும் பிளந்தே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை. எங்கள் புளியின் வேர்ப்பக்கத்து அடிமுண்டு, இரண்டு ஆள் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாதது. அதனோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றோம். முதல் ஆப்பு முழுக்க உள்ளே போய்விட்டது. இரண்டாவதை அடித்து முதலாவதைத் தளர்த்தப் பார்த்தால் இரண்டாவதும் பாதி புதைந்தது. மர ஆப்புகளைச் சுற்றிலும் அடித்து ஒருவழியாக அதை மட்டும் மீட்டோம். “விடு தாயி, அது கட்டைக்குன்னு வாங்குனது” என்று சொல்லிவிட்டு பெரியவர் சம்மட்டியைச் சாய்த்து வைத்தார். இன்றைக்கு அந்த முண்டின் மேல்தான் மீன் ஆய்கிறேன். மழை பெய்தால் நடு வெடிப்பிலிருந்து செம்புள்ளியாகத் துரு கசிகிறது.